உருண்ட பகடையும் உரைத்த எண்ணும்

பகடை உருண்டு நின்றுவிட்டது. அதில் விழுந்த எண்ணை ஒருவர் மட்டுமே பார்த்திருக்கிறார். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மற்ற நால்வரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விழுந்தது 20. அவர் ‘11’ என்கிறார். மேசையில் ஒரு பெருமூச்சு எழுகிறது; ஒரு கதாபாத்திரம் பிழைத்துக்கொண்டது. அவர் செய்தது சரியா?

மேசைமீது ஆடப்படும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் அரை நூற்றாண்டாகத் தீராமல் இருக்கும் வழக்கு இது. ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர்கள் இச்செயலை ‘ஃபட்ஜிங்’ என்கிறார்கள். ஏமாற்று என்னும் சொல்லின் கடுமை அதில் இல்லை. கணக்குப்பிள்ளை ஒரு தொகையைச் சற்றே முன்பின்னாக எழுதி ஏட்டைச் சமன்செய்வது போன்ற ஒரு நெகிழ்வு இருக்கிறது. ‘சரிக்கட்டல்’ என்னும் தமிழ்ச் சொல் அதற்கு நன்றாகவே பொருந்துவதால் அதையே இங்கு ஆள்வோம். சரிக்கட்டுபவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் தவறு. இதுவே நம் கருத்து. இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாத அளவுக்கு எதிர்த்தரப்பில் நியாயங்கள் இருக்கின்றன என்பதால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இவ்விளையாட்டுகளோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சில சொற்கள். நான்கைந்து நண்பர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தைப் படைத்துக்கொள்கிறார்: ஒருவர் வாள்வீரர், இன்னொருவர் மந்திரவாதி, மற்றொருவர் பூட்டுடைக்கத் தெரிந்த திருடர். ஒருவர் மட்டும் அப்படி ஒரே பாத்திரத்தை ஏற்பதில்லை. அவர் கேம் மாஸ்டர். (டீ மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் வரிசையில் தமிழுக்கு இன்னொரு மாஸ்டர்.) அந்த உலகத்தை விவரிப்பதும், அதில் வாழும் மற்ற எல்லாருக்காகவும் பேசுவதும், பூதங்களையும் கொள்ளையரையும் இயக்குவதும், விதிகளுக்கு நடுவராக இருப்பதும் அவர் வேலை. ‘நான் அந்தக் கதவை உடைக்கிறேன்’ என்று ஆட்டக்காரர் சொன்னால், உடையுமா உடையாதா என்ற ஐயத்தைப் பகடை தீர்த்துவைக்கிறது. மாஸ்டரின் முன்னால் மடிப்பு அட்டையால் ஆன ஒரு திரை நிற்பதுண்டு. அவருடைய குறிப்புகளும் வரைபடங்களும் அதன் பின்னே இருக்கும். அவர் உருட்டும் பகடையும் அங்கேதான் விழும்.

ஒரு பாத்திரத்தோடு ஆட்டக்காரர் ஓராண்டு, ஈராண்டு, சில வேளைகளில் பத்தாண்டுகள்கூட வாழ்ந்துவிடுகிறார். அதற்கு ஊர், பெயர், பகை, காதல் எல்லாம் உண்டு. அது ஒரு செவ்வாய்க்கிழமை இரவில், வழிப்பறிக்கு வந்த பெயரற்ற ஒரு கோப்ளினின் கையால் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. அந்தச் சாவை அறிவிக்க வேண்டியவராக இருப்பது இன்னும் கடினம். சரிக்கட்டலின் வேர் இந்த இரக்கத்தில் இருக்கிறது. அதை ஏளனம் செய்பவர்கள் இவ்விளையாட்டை மனத்தோய்வோடு ஆடியவர்களாக இருக்க முடியாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, தாக்குபவர் 20 முகப் பகடையை உருட்டுகிறார். 20 விழுந்தால் அடி கட்டாயம் படும்; சேதத்துக்கான பகடைகளும் இரட்டிக்கும். கோப்ளினின் வளைவாள் வழக்கமாகத் தருவது ஒரு 6 முகப் பகடையின் எண்ணும் அதனோடு 2ம். பகடை இரட்டித்தால் சராசரி 9. புதிதாக ஆட வந்த மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளிகள் 7 அல்லது 8தான் இருக்கும். ஆக ஒரே அடியில் அவர் வீழ்ந்துவிடுவார். வீழ்ந்தவர் உடனே இறப்பதில்லை; ஆனால் அடுத்தும் ஓர் அடி பட்டால் மரணத்தின் வாசலில் கிடப்பார். 20 விழும் வாய்ப்பு 5 விழுக்காடு; அடுத்தடுத்து இருமுறை விழும் வாய்ப்பு 400இல் 1. ‘நானூறில் ஒன்று! இது அநியாயம், இதை நான் ஏற்க மாட்டேன்’ என்று திரைக்குப் பின்னால் மாஸ்டர் தீர்மானிக்கிறார்.

அநியாயம் போலத் தோன்றுவது எண்ணிக்கையை ஓர் இரவோடு நிறுத்திக்கொள்வதால்தான். ஓர் அமர்வில் மாஸ்டர் 40 தாக்குதல்களை உருட்டுகிறார், ஆண்டுக்கு 50 அமர்வுகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2000 உருட்டல்கள். இரட்டை 20 சராசரியாக ஐந்து முறை வந்தே தீரும். பகடையைக் கையில் எடுத்த நாளிலேயே அந்த ஐந்துக்கும் நாம் உடன்பட்டுவிட்டோம். வராமல் போனால்தான் பகடையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கு டிராகன்களுக்கும் முந்தையது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அவருடைய தந்தை தொடங்கிவைத்த முயற்சியின் முதிர்ந்த வடிவம் அது. வரைபடத்தின் மேல் இரு தரப்பும் படைகளை நகர்த்தும். நடுவர் ஒருவர் இடையில் இருப்பார். மோதலின் விளைவைப் பகடையும் அட்டவணைகளும் சொல்லும். அரை நூற்றாண்டு கழித்து, 1876இல், ஃபெர்டி டு வெர்னுவா என்னும் இன்னொரு பிரஷ்ய அதிகாரி பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதிகளைப் புரட்டுவதில் பொழுது போகிறது, போர் தெரிந்தவருக்கு விளைவு தெரியாதா என்பது அவர் கட்சி. இந்த இரு முறைகளுக்கும் ‘இறுக்கமான’ விளையாட்டு, ‘தளர்ந்த’ விளையாட்டு என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பகடையை உருட்டி அதை மதிப்பது ஒரு முறை, பகடையே இல்லாமல் தீர்ப்புச் சொல்வது இன்னொரு முறை. இரண்டுக்கும் வாதிட நேர்மையான மனிதர்கள் இருந்தார்கள். உருட்டிவிட்டு மறைப்பது என்ற மூன்றாவது முறையை அவ்விருவரில் எவரும் முன்வைக்கவில்லை.

அந்தப் பிரஷ்ய மரபு அட்லாண்டிக்கைக் கடந்து, டாட்டன் என்னும் அமெரிக்க அதிகாரி 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற நூலில் புகுந்தது. மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி அதைப் படித்து, எல்லாம் வல்ல நடுவர் ஒருவரை வைத்து 1969இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆடிய டேவ் ஆர்னசன் ‘பிளாக்மூர்’ உலகத்தைப் படைத்தார். ஆர்னசனும் விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். நடுவர் கதைசொல்லியாக மாறிய பாதை இதுதான். மாறிய பிறகும் நடுவரின் பழைய அதிகாரங்கள் எல்லாம் அவரிடமே தங்கிவிட்டன.

கைகாக்ஸ் 1979இல் எழுதிய மாஸ்டர்களுக்கான கையேட்டில் இந்த அதிகாரத்தை ஒளிக்கவில்லை. நிகழ்ச்சிகள் குறிப்பிட்ட வகையில் நடக்க வேண்டும் என்று மாஸ்டர் விரும்பினால் பகடையை மீறும் உரிமை அவருக்கு உண்டு என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆட்டக்காரர் அறிவோடு ஆடியும் பகடையின் கொடுமையால் மட்டும் அவர் பாத்திரம் சாக நேர்ந்தால், உயிரை விட்டுவைத்து ஒரு கையையோ கண்ணையோ இழக்கச் செய்யலாம் என்ற யோசனையும் அங்கே உண்டு. (இந்த இரண்டாவது யோசனை நமக்குப் பிடித்திருக்கிறது. பகடை கேட்ட விலையில் பாதியையாவது அது கட்டிவிடுகிறது.) 2014ஆம் ஆண்டுக் கையேடு இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. திரைக்குப் பின்னால் உருட்டினால் எண்ணை மாற்றிக்கொள்ள வசதி என்று அது சொல்கிறது. அடிக்கடி செய்யாதீர்கள் என்றும், செய்வதை வெளியில் தெரியவிடாதீர்கள் என்றும், தெரிந்தால் ஆபத்தே இல்லை என்றோ ஓரவஞ்சனை என்றோ ஆட்டக்காரர்கள் எண்ணிவிடுவார்கள் என்றும் அதுவே எச்சரிக்கிறது. அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு வியப்பு. தெரிந்தால் நம்பிக்கை போய்விடும் என்று நூலுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் அது தரும் அறிவுரை, பிடிபடாமல் செய்யுங்கள் என்பது மட்டும்தானே?

வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட சரிக்கட்டல் ஒன்று உண்டு. 1942 மே மாதத் தொடக்கத்தில், ஜப்பானிய ‘யமாட்டோ’ போர்க்கப்பலில், மிட்வே தீவின் மீதான தாக்குதலை முன்கூட்டியே மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். தலைமை தாங்கியவர் மடோமே உகாகி. கூட்டுக் கடற்படையின் தலைவர் யமமோட்டோவுக்கு வலக்கை போன்றவர். ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குகின்றன. நடுவராக இருந்த ஒகுமியா பகடையை உருட்டி, ஒன்பது குண்டுகள் பட்டன, ‘அகாகி’, ‘காகா’ இரண்டும் மூழ்கின என்று அறிவித்தார். உகாகி குறுக்கிட்டார். ஒன்பது மூன்றாயிற்று, ‘காகா’ மட்டும் மூழ்கியது, ‘அகாகி’க்குச் சிறு காயம். அதோடு நிற்கவில்லை. ஆட்டம் அடுத்த கட்டமான ஃபிஜி, நியூ கலிடோனியா படையெடுப்புக்குப் போனபோது, மூழ்கிய ‘காகா’ மீண்டும் மிதந்து வந்து அணியில் சேர்ந்துகொண்டது. அந்த ஒகுமியாவே ஃபுசிதாவுடன் இணைந்து எழுதி 1951இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த நூல் வழியாகத்தான் இச்செய்தி உலகத்துக்குத் தெரியவந்தது. உண்மைப் போரில், ஜூன் 4ஆம் நாள் நடந்த தாக்குதல்களில், ‘அகாகி’, ‘காகா’, ‘சோர்யு’, ‘ஹிர்யு’ என நான்கு விமானந்தாங்கிகளையும் ஜப்பான் இழந்தது.

பகடையை மீறினால் என்ன ஆகும் பார்த்தீர்களா என்று இக்கதையை முடித்துவிடுவது வழக்கம். நாம் அப்படி முடிக்கத் தயாரில்லை. மிட்வே தீவிலிருந்து கிளம்பிய விமானங்கள் அன்று ஜப்பானிய விமானந்தாங்கிகள் மீது ஒரு குண்டைக்கூட நேராகப் போட்டுத் தாக்கவில்லை. நான்கையும் வீழ்த்தியவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள். ஆகவே ஒன்பது அதிகம் என்று உகாகி நினைத்ததில் பிழையில்லை, மூன்றே அதிகம்தான். போர் விளையாட்டுகளைப் பற்றி எழுதிய பீட்டர் பெர்லா போன்றவர்கள் இதை எடுத்துக்காட்டி அவருக்காக வாதாடியிருக்கிறார்கள். எண்ணைப் பொறுத்தவரை உகாகி பகடையைவிட உண்மைக்கு அருகில் இருந்தார் என்றே ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தப் பகடை ஒரு கேள்வியைக் கேட்டது. விமானந்தாங்கிகளை இழந்தால் என்ன செய்வீர்கள்? அந்த அறையில் எவரும் கேட்க விரும்பாத கேள்வி அது. எண்ணைக் குறைத்தபோது அக்கேள்வி சிறுத்தது. ‘காகா’ மிதந்து வந்தபோது அது முழுவதுமாக மறைந்தது. மேசையில் இருப்பவர்களில் எவர் மனத்திலும் இல்லாத ஒன்றை மேசைக்குக் கொண்டுவருவதற்காகத்தான் பகடையை வைத்திருக்கிறோம். ஆட்டக்காரர்கள் நினைத்ததும் மாஸ்டர் நினைத்ததும் மட்டுமே நடக்குமானால் பேசியே முடித்துக்கொள்ளலாம், உருட்ட வேண்டியதில்லை.

உகாகிக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவர் அதை எல்லோர் முன்னிலையிலும் செய்தார். ஒன்பது என்பதும் தெரியும், மூன்று என்பதும் தெரியும். அதனால்தான் அதைப் பற்றி நாம் இன்று வாதிட முடிகிறது. திரைக்குப் பின்னால் நடக்கும் சரிக்கட்டலுக்கு எந்த ஒகுமியாவும் சாட்சி இல்லை.

பகடை என்றவுடன் வாசகர்களுக்குச் சகுனி நினைவுக்கு வந்திருப்பான். ஒப்பீடு பொருந்தாது. சகுனி எதிரணிக்காரன், அவன் வெல்ல ஆடினான். மாஸ்டர் எதிரணி அல்லர். அவர் பொய் சொன்னால் அது பெரும்பாலும் நண்பரைக் காப்பாற்றச் சொல்லும் பொய். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் இத்தகைய பொய்க்கு இடம் தந்திருக்கிறாரே என்று கேட்கலாம். தந்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: அதனால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். சரிக்கட்டலால் விளையும் நன்மை அப்படிப்பட்டதுதானா என்பதே நம் கேள்வி.

அன்றிரவு பிழைத்த மந்திரவாதியின் பக்கத்திலேயே வாள்வீரராக ஆடுபவர் இருக்கிறார். சென்ற மாதம், கைவசம் இருந்த ஒரே மருந்துக் குப்பியை அவர் மந்திரவாதிக்குக் கொடுத்துவிட்டுத் தான் காயத்தோடு நடந்தார். அந்தத் தியாகத்துக்குப் பொருள் இருப்பது, குப்பி இல்லாவிட்டால் மந்திரவாதி செத்திருக்கக்கூடும் என்பதால். எப்படியும் சாக விட்டிருக்க மாட்டார் என்றால், குப்பியைக் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றே. அதேபோல, ஆபத்தை முகர்ந்து குகைக்குள் போகாமல் திரும்பியவருக்கும், கண்மூடித்தனமாக நுழைந்தவருக்கும் ஒரே முடிவு என்றால், முன்னவரின் எச்சரிக்கை உணர்வு வீணாயிற்று. சரிக்கட்டும்போது மாஸ்டர் ஓர் எண்ணை மட்டும் மாற்றுவதாக நினைக்கிறார். அதுவரை அந்த மேசையில் எடுக்கப்பட்ட முடிவுகளின் எடையெல்லாம் அதோடு சேர்ந்து குறைகிறது. அது குறைந்தது அவர்களுக்குத் தெரியாது என்பது ஆறுதலாகத் தோன்றலாம். நமக்கு அதுவே உறுத்துகிறது. இரண்டாண்டு உழைப்பைப் பற்றி நண்பர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கையில், அதில் எது அவர்கள் செய்தது, எது தாம் கொடுத்தது என்று மாஸ்டர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் மேசை அது.

மேலும், சரிக்கட்டும் கை எப்போதும் இரங்கும் கையாக இருப்பதில்லை. மூன்று மாதமாக மாஸ்டர் வளர்த்துவந்த வில்லன் முதல் சுற்றிலேயே வீழ்ந்துவிடுவான் போலிருக்கிறது. மாஸ்டருக்கு மனம் வரவில்லை. பகடையைத் தொடாமலேயே வேலையை முடித்துவிடலாம். டிராகனுக்கு 200 உயிர்ப்புள்ளிகள் என்று குறிப்பில் இருந்ததை 260 என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டால் போதும். தம்மிடம் இருந்த கடைசி மந்திர அம்பைச் சரியான வேளைக்காகச் சேர்த்துவைத்து எய்தவர், அது டிராகனைக் கொன்றிருக்க வேண்டும் என்பதை அறியவே மாட்டார். அவருடைய வெற்றி அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, இரண்டு சுற்று கழித்து வேறொருவர் கையில் கொடுக்கப்படுகிறது. பகடையில் சரிக்கட்டுவதைக் கண்டிக்கும் மாஸ்டர்களில் பலர் இதைச் சரிக்கட்டல் என்றே கருதுவதில்லை. நம் கணக்கில் இரண்டும் ஒன்று. இரண்டாவது சற்றுக் கூடுதல் கேடு.

கதைக்காகச் செய்கிறோம் என்பவர்களின் வாதம் இலக்கிய வாசகர்களான நம்மைச் சற்றே அசைக்கும். நாவலாசிரியர் பகடை உருட்டியா பாத்திரங்களைக் கொல்கிறார்? 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கானன் டாயில், 1903இல் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லையா? கொண்டுவந்தார். அச்சில், எல்லோர் பார்வையிலும், அவர் எப்படிப் பிழைத்தார் என்று ஒரு விளக்கமும் எழுதிக் கொண்டுவந்தார். வாசகர்கள் நம்பலாம், நகைக்கலாம். மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், அது அவர் ஒருவர் எழுதிய கதை. மேசையில் நடப்பது ஐவர் சேர்ந்து ஆக்கும் கதை. அதில் ஒருவர் மட்டும் இறுதித் திருத்தம் செய்யும் ஆசிரியர் என்றால், மற்ற நால்வரும் வாசகர்களாகிவிடுகிறார்கள். வாசகராக இருப்பதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் அதற்காக வாரந்தோறும் நான்கு மணி நேரம் மேசைமுன் உட்கார வேண்டாம், நல்ல நாவல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாதத்தை நாம் முழுவதுமாக மறுக்கப் போவதில்லை. மாஸ்டரே மோதலைத் தவறாகக் கணக்கிட்டிருக்கலாம். மூன்று ஓநாய்கள் போதும் என்ற இடத்தில் ஏழு வைத்துவிட்டார். ஆட்டக்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் கணக்குப் பிழைக்காக அவர்கள் சாகிறார்கள். அப்போது? ஓநாய்கள் அடிபட்டால் ஓடும். இரை ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். கொள்ளையர் பிணைத்தொகைக்காக உயிரோடு பிடிப்பார்கள். உலகம் முழுவதும் மாஸ்டர் கையில் இருக்கையில், விழுந்த எண்ணை மட்டும்தானா மாற்ற வேண்டும்? அதுவும் முடியாவிட்டால், ‘நண்பர்களே, இந்த மோதலை நான் பிழையாக அமைத்துவிட்டேன், இதைத் திரும்ப ஆடுவோமா’ என்று கேட்டுவிடலாம். கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் திரைக்குப் பின்னே போகிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. சிறுவர்களோடு ஆடும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏழு வயதுக் குழந்தையிடம் ‘இந்த ஆட்டத்தில் யாரும் சாக மாட்டார்கள், தோற்றால் சிறையில் அடைபடுவீர்கள்’ என்று முன்பே சொல்லிவிட்டால், பகடையையும் மதிக்கலாம், குழந்தையையும் அழவைக்காமல் இருக்கலாம்.

இவ்விளையாட்டுகளை வடிவமைத்தவர்களுக்கு இச்சிக்கல் தெரியாமல் இல்லை. இரக்கத்தையே விதியாக எழுதிவைத்தவர்கள் உண்டு. 1986இல் பிரிட்டனில் வெளிவந்த ‘வார்ஹாமர் ஃபேன்டஸி ரோல்பிளே’ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒன்றிரண்டு ‘விதிப் புள்ளி’களைக் கொடுத்தது. உறுதியான சாவிலிருந்து தப்ப ஒன்றைச் செலவழிக்கலாம், செலவழித்தது திரும்பாது. எத்தனை முறை சாவு விலகிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கடைசிப் புள்ளியும் தீர்ந்தவர் அதன்பின் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்! வில்லன்களுக்கும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. 2014ஆம் ஆண்டு விதிகளில் பெரிய டிராகன்களுக்கு, மந்திரத்தில் சிக்கிவிட்டாலும் சிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ளும் சலுகை நாளுக்கு மூன்று முறை தரப்பட்டிருக்கிறது. திரைக்குப் பின்னே மாஸ்டர் செய்யும் அதே வேலைதான். ஆனால் இது எண்ணிக்கைக்கு உட்பட்டது. ஆட்டக்காரர்கள் அந்த மூன்றையும் தீர்த்துவிட்டுப் பிறகு தங்கள் பெரிய மந்திரத்தை எடுக்கத் திட்டமிடலாம்.

வேறு சிலர் சிக்கலை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். 1991இல் எரிக் வுயிக் வடிவமைத்த ‘ஆம்பர்’ விளையாட்டில் பகடையே கிடையாது. ஃபெர்டி டு வெர்னுவா கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். 2010இல் வெளிவந்த ‘அபாகலிப்ஸ் வேர்ல்ட்’ விளையாட்டிலும், 2013இல் வந்த ‘நியூமனேரா’விலும் பகடையை ஆட்டக்காரர்கள் மட்டுமே உருட்டுகிறார்கள். மாஸ்டரின் கையில் பகடை இல்லாதபோது அவர் எதைச் சரிக்கட்டுவார்? இவற்றை ஆடிய பிறகு பழைய விளையாட்டுக்குத் திரும்பும் மாஸ்டர்களிடம் ஒரு மாற்றம் தென்படுவதைக் கவனித்திருக்கிறோம்: முன்னைவிடக் குறைவாகவே உருட்டுகிறார்கள். உருட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறார்கள். தோற்றால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு உருட்டுகிறார்கள். அந்த ஒரு கணத்தில்தான் இந்த வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம். மந்திரவாதி சாவதை ஏற்க முடியாது என்றால் கோப்ளினின் வாள் அவர் நெஞ்சுக்கு வர வேண்டாம், கைத்தடியைத் தட்டிவிடட்டும். அதைத் தீர்மானிக்கும் உரிமை மாஸ்டருக்குத் தாராளமாக உண்டு, பகடை கையை விட்டுப் போகும்வரை.

இதனால் திரையையே எரித்துவிட வேண்டும் என்று நாம் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. மறைத்து உருட்டுவது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. பாத்திரம் ஒன்று அறைக்குள் பொறி இருக்கிறதா என்று தேடுகிறது. பகடையில் 2 விழுந்ததை எல்லோரும் பார்த்துவிட்டால், ‘எதுவும் இல்லை’ என்று மாஸ்டர் சொல்வதை எவர் நம்புவார்? அந்த எண்ணே ஒரு செய்தி; பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்றை ஆட்டக்காரருக்குச் சொல்லிவிடும். அத்தகைய உருட்டல்கள் மறைவில் நடப்பதே முறை. வாள் வீச்சுக்கும் உயிர் போவதற்கும் அந்தக் காரணம் இல்லை. அவை நடுமேசையில் விழட்டும். 2018இல் தொடங்கிய ‘டைமென்ஷன் 20’ என்னும் காணொளித் தொடரில், உயிர் ஊசலாடும் உருட்டல்களுக்கென்றே ஒரு பெட்டியை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பகடை அதில் விழும்போது மாஸ்டரும் மற்றவர்களோடு சேர்ந்து எட்டிப் பார்க்கிறார். முடிவு அவருக்கும் புதிது. திரைக்குப் பின்னே தனியாக உட்கார்ந்து எண்ணை எடைபோடும் மாஸ்டருக்கு இந்தப் படபடப்பு வாய்ப்பதேயில்லை.

கடைசியாக ஒரு தரப்பு மீதமிருக்கிறது. ‘எங்களுக்குக் கதைதான் வேண்டும்; எங்கள் பாத்திரங்கள் பிழைக்க வேண்டும்; தேவைப்பட்டால் பொய் சொல்லுங்கள், ஆனால் எப்போது சொன்னீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்’ என்று ஆட்டக்காரர்களே கேட்டுக்கொள்ளும் மேசைகள் உண்டு. முதல் அமர்வுக்கு முன்பே அப்படிப் பேசி வைத்துக்கொண்டவர்களோடு நமக்கு வழக்கு ஏதும் இல்லை.